கட்டை கிடக்கும் இடம் கடல் வந்துபோகும் இடம்

"அபாயம். கடற்கரைக் கட்டைகள் கொல்லும்." அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடலோரத்தில் இப்படி எழுதிய பலகைகளைப் பார்க்கலாம். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் இருக்கும் ரியால்டோ கடற்கரைக்குத் தனியாகப் போகிற வழியில் அதைப் படித்துச் சிரித்தேன். சுறா கொல்லும் என்றால் புரிகிறது, படுத்துக் கிடக்கிற மரம் என்ன செய்துவிடும்? பலகையோடு சேர்த்து என்னையும் ஒரு படம் எடுத்து, சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்கு அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்தப் படம் இப்போது இல்லை. கைப்பேசியே கடலோடு போய்விட்டது. அதோடு 11 வாரம் நடக்க முடியாமல் போனதும், இன்ஷூரன்ஸ் போக என் கையிலிருந்து கட்டிய 6,400 டாலரும், நனைந்து செத்த கார் சாவிக்கு 340 டாலரும் கணக்கு. கன்னியாகுமரிக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கடலைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற நினைப்புதான் என்னை அங்கே உட்கார வைத்தது.

முதலில் இந்தக் கட்டைகள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மெரினாவையோ கோவளத்தையோ மனதில் வைத்துப் படித்தால் புரியாது. மழைக்காட்டுக்குள் ஓடிவரும் ஹோ, குவிலயூட், குவீட்ஸ் ஆறுகள் வெள்ளக் காலத்தில் கரையை அரித்து, முழு மரங்களை வேரோடு கடலுக்குக் கொண்டுவருகின்றன. ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபர், சிடார் எல்லாம் உண்டு. கடல் அவற்றை உருட்டி உருட்டிப் பட்டையை உரித்து, எலும்பு மாதிரி வெளுக்க வைத்து, கரையோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைக்கிறது. ரியால்டோவில் வண்டியை நிறுத்திவிட்டு மணலுக்கு, இல்லை, அங்கே மணல் குறைவு, கூழாங்கல்லுக்கு இறங்க வேண்டுமானால் இந்தக் கட்டைக் குவியலைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்த்தால் இயற்கையே போட்டுவைத்த பெஞ்சு மாதிரி இருக்கும். எல்லாரும் அதில்தான் உட்கார்வார்கள், பிள்ளைகள் அதன்மேல்தான் ஓடுவார்கள்.

நான் உட்கார்ந்தது குவியலில் இல்லை. குவியலுக்கும் கடலுக்கும் நடுவில், சரிவில் தனியாகக் கிடந்த ஒரு கட்டையில். நீளம் 25 அடி இருக்கும், விட்டம் 2 அடி. மதியம் ஒன்றரை மணி, வெயில், காற்றே இல்லை. அலை எனக்கு நாற்பது அடிக்குக் கீழேயே திரும்பிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றேன். அப்புறம் கட்டையிலிருந்து இறங்கி, கடல் பக்கம் நின்று, முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு பைக்குள் எதையோ தேடினேன். சத்தம் மாறியது. கூழாங்கற்கள் உருளுகிற சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. திரும்புவதற்குள் முழங்கால் வரை தண்ணீர்.

நான் செய்த தப்பு அந்த நொடியில் நடந்தது. நனையாமல் இருக்கக் கட்டையின்மேல் ஏறப் பார்த்தேன். என் கையை வைத்ததும் அது நகர்ந்தது. அலை என்னையும் கட்டையையும் சேர்த்து மேலே தள்ளியது, நான் விழுந்தேன், தண்ணீர் திரும்பும்போது கட்டை உருண்டு வந்து என் வலது கணுக்காலின்மேல் உட்கார்ந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. அதன் முழு எடையும் இப்போது என் காலில். மணலாக இருந்தால் கால் கொஞ்சம் அமுங்கியிருக்கும், பாறையாக இருந்தால் நசுங்கியிருக்கும். கூழாங்கல் இரண்டுக்கும் நடுவில். கத்தினேன். கேட்க ஒருவரும் இல்லை. வலியைவிடப் பெரிதாக இருந்தது அடுத்த அலை எப்போது வரும் என்ற பயம். காலுக்கு அடியிலிருந்த கற்களை இரண்டு கையாலும் தோண்டித் தோண்டி எறிந்தேன். இரண்டு அலை என்னை எட்டவில்லை. மூன்றாவது எட்டியது, கட்டையைக் கொஞ்சம் தூக்கியது, காலை உருவிக்கொண்டேன். என்னைக் கொல்ல வந்திருக்க வேண்டிய அலைதான் விடுவித்தது. அது அதிர்ஷ்டம்.

ஒன்றரை டன் எடையை முட்டளவுத் தண்ணீர் எப்படி நகர்த்தும்? மருத்துவமனையில் படுத்துக்கொண்டு இதைத்தான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நீரில் ஊறிய மரம், மேலே சொன்ன அளவில், ஒன்றரை டன்னுக்குக் குறையாது, அதாவது ஒரு காரின் எடை. அது மிதக்க வேண்டுமானால் ஒன்றேகால் அடித் தண்ணீராவது வேண்டும். ஆனால் நம்மை அடிக்க அது மிதக்க வேண்டியதில்லை. வெறும் 8 அங்குலத் தண்ணீர் சூழ்ந்தாலே தரையில் அழுத்தும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதே 8 அங்குலத் தண்ணீர் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடிவந்தால், 25 அடி நீளத்துக்கும் சேர்த்து 600, 700 கிலோவுக்குக் குறையாத தள்ளு கிடைக்கும். கட்டை உருளை வடிவம், தரை சரிவு. இழுக்க வேண்டியதில்லை, உருண்டால் போதும். ஆகவே தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்ற கணக்கு கட்டை கிடக்கும் கரையில் செல்லாது. நீளமான கட்டையில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் தண்ணீர் தள்ளுவதற்கு இடம் அதிகம். வேர்முடிச்சோடு கிடக்கும் மரம் இன்னும் மோசம். வேர்ப்பக்கம் தரையில் ஊன்றிக்கொள்ள, மெலிந்த நுனி கதவு மாதிரி சுற்றி வந்து அடிக்கும்.

அந்த ஓர் அலை மட்டும் ஏன் அவ்வளவு தூரம் வந்தது? அங்கே இதற்கு ஸ்னீக்கர் அலை என்று பெயர், பதுங்கி வருகிற அலை. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கள்ளக்கடல் என்றால் சட்டென்று விளங்கும். காற்றும் மழையும் இல்லாத நாளில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை கரைக்கு வந்து ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான். கள்ளக்கடல் நாள்கணக்கில் நீடிக்கிற எழுச்சி, ஸ்னீக்கர் அலை ஓர் அலையோ இரண்டோதான். ஆனாலும் தூரத்துப் புயல், நல்ல வானிலை, ஏமாந்த கரை என்ற சேர்க்கை ஒன்றே. பத்து, இருபது நிமிடம் கடல் சாதுவாக இருந்துவிட்டு ஒன்றை அனுப்பும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இது அதிகம். 2016 ஜனவரி 16 அன்று வாஷிங்டனிலிருந்து வடக்குக் கலிபோர்னியா வரை பல கடற்கரைகளில் ஒரே நாளில் இப்படி அலை ஏறி, ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள்.

நான் அன்று காலையில் வானிலை பார்த்தேன். வெயிலா மழையா என்று மட்டும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது அலைக் காலம், அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் எத்தனை வினாடி என்பது. அலை உயரத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. 8 வினாடி அலை ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர் நீளம். 16 வினாடி அலை 400 மீட்டர். உயரம் ஒன்றேயானாலும், செங்குத்தான கரையில் 16 வினாடி அலை ஏறும் உயரம் 8 வினாடி அலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரியால்டோ அப்படிச் செங்குத்தான கூழாங்கல் கரை, அலை உடைந்து பலம் இழக்க இடமே கிடையாது. அன்று அந்தப் பக்கத்தில் அலையை அளக்கக் கடலில் விட்டிருக்கும் மிதவையில், 46041 என்ற எண்ணுள்ள கேப் எலிசபெத் மிதவையில், 17 வினாடி காட்டியது என்று பிற்பாடுதான் பார்த்தேன். இலவசமாக, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் கட்டுப்பாடு இப்போது இதுதான்: காலம் 14 வினாடிக்கு மேல் என்றால் மேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன், கீழே இறங்கமாட்டேன். அலை ஆறடிதான் என்று யாராவது சொன்னாலும் சரி. தேசிய வானிலைச் சேவை "கடற்கரை அபாய அறிவிப்பு" வெளியிட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. வெயில் நாளில்தான் அந்த அறிவிப்பை யாரும் தேடுவதில்லை, அதுதான் சிக்கல்.

இரண்டாவது, ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவது. அந்தக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், ஆனால் இரண்டும் ஒரே அளவு இல்லை. லா புஷ் என்ற இடத்தின் அட்டவணையைப் பார்த்தால் ரியால்டோவுக்குப் பொருந்தும், இரண்டும் ஆற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும்தான். நாளின் பெரிய ஏற்றத்துக்கும் பெரிய இறக்கத்துக்கும் சராசரியாக எட்டரை அடி வித்தியாசம். நவம்பர் முதல் ஜனவரி வரை வரும் மிகப் பெரிய ஏற்றத்தில் தண்ணீர் கட்டைக் குவியலையே தொடும். நான் போனது ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, கடல் ஏறிக்கொண்டிருந்த நேரம். அதனால் நாற்பது அடி தள்ளி இருக்கிறது என்று நான் மனதில் குறித்துக்கொண்ட அளவு, ஒவ்வொரு நிமிடமும் குறைந்துகொண்டிருந்தது. சரியான நேரம், இறக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்கி, இறக்கம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மேலே வந்துவிடுவது. அச்சடித்த அட்டவணை வைத்திருந்தால் கோடைக்கால நேர மாற்றம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது) சேர்த்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள், ஒரு மணி நேரம் தவறினால் கணக்கே மாறிவிடும். வடக்கே ஒன்றரை மைலில் இருக்கும் ஓட்டைப் பாறைக்கு நடக்கிறவர்கள் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும். ஏற்றத்தில் பாறைமுனையைச் சுற்றித் திரும்ப வழி இருக்காது. கருப்பும் சிவப்புமாக வட்டப் பலகை மாட்டியிருக்கும் இடத்தில்தான் காட்டு வழியாக ஏறமுடியும், அது எங்கே என்று போகும்போதே பார்த்துவைக்க வேண்டும்.

கரையே நிறையச் சொல்லும், படிக்கத் தெரிந்தால். வந்ததும் கீழே இறங்காமல் மேட்டில் 20 நிமிடம் நில்லுங்கள். இது சடங்கு இல்லை, பெரிய அலைகளுக்கு நடுவில் அவ்வளவு இடைவெளி இருக்கும் என்பதால். கற்கள் எதுவரை நனைந்து கருத்திருக்கின்றன? புதுக் கடற்பாசியும் நுரையும் எதுவரை கிடக்கின்றன? ஒரு கட்டையின் நிலப்பக்கத்தில் ஈரப் பாசி ஒட்டியிருந்தால், தண்ணீர் அந்தக் கட்டையைத் தாண்டி வந்து போயிருக்கிறது என்று பொருள். நான் உட்கார்ந்த கட்டையின் பின்பக்கம் அப்படித்தான் இருந்தது, கண்ணால் பார்த்தேன், அது எனக்கு எதையும் சொல்லவில்லை. அடியில் கல் அரிபட்டுப் பள்ளமாக இருந்தால் அந்தக் கட்டை சமீபத்தில் அசைந்தது. காய்ந்து வெளுத்து, இடுக்கில் புல் முளைத்துக் கிடக்கும் பின்வரிசைக் கட்டைகள் பெரும்பாலும் அசையாது, ஆனால் அவையும் கடல் கொண்டுவந்து வைத்தவைதான். பெரிய புயலும் பெரிய ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் முழுக் குவியலும் எழுந்து ஒன்றோடொன்று மோதும். அந்தச் சமயம் இடுக்கில் கால் வைத்திருந்தால் யோசித்துப் பாருங்கள்.

சரி, எல்லாம் மீறி அலை வந்துவிட்டது. அருகில் கட்டை இருந்தால் முதல் வேலை அதைவிட்டு விலகுவது. ஏறக்கூடாது. கடலுக்கும் கட்டைக்கும் நடுவிலும், இரண்டு கட்டைகளுக்கு நடுவிலும் நிற்கக்கூடாது. கட்டைகள் இல்லாத இடைவெளி எது என்று முன்பே பார்த்துவைத்திருந்தால் அந்தப் பக்கம் ஓடலாம், பார்த்துவைக்கவில்லை என்றால் குவியல் சுவர் மாதிரி குறுக்கே நிற்கும். ஓட நேரம் இல்லையென்றால் காலை அகட்டி, உடம்பைத் தாழ்த்தி, அலையைப் பார்த்தபடி நின்று, அதன் வேகம் அடங்கிய உடனே மேலே ஏறுங்கள். போன செருப்பு, பை, தொப்பி எதற்கும் திரும்பக் கூடாது. விழுந்துவிட்டால் துணிக்குள் மணலும் கல்லும் அடைத்துக்கொண்டு எழவே விடாது. நான் போட்டிருந்த ஜீன்ஸ் பாண்ட் அந்த நேரத்தில் சாக்குமூட்டை மாதிரி கனத்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் இன்னும் மோசம்.

தண்ணீரின் குளிரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் கடல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 முதல் 13 டிகிரிதான், கோடையிலும். திடீரென்று உள்ளே விழுந்தால் நம் விருப்பம் இல்லாமலே மூச்சு வாங்கும், அந்த மூச்சில் தண்ணீர் உள்ளே போனால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. மீட்புப் பணியினர் 1-10-1 என்று சொல்வார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். எனவே யாராவது இழுக்கப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கக்கூடிய எதையாவது, மூடிய தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி, எறிந்துவிட்டு, கண்ணை அவர்மேலிருந்து எடுக்காமல், இன்னொருவரை அவசர உதவி எண் 911 அழைக்க அனுப்புங்கள். நாய் இழுக்கப்பட்டாலும் இதே சட்டம். நாய் பெரும்பாலும் நீந்தி வந்துவிடும், அதைக் காப்பாற்றப் போனவர் வராத கதைகள் அந்தக் கரையில் உண்டு.

கட்டையின் அடியில் ஒருவர் மாட்டிக்கொண்டால் செய்யக்கூடாதது, இரண்டு பேர் சேர்ந்து காலை இழுப்பது. செய்ய வேண்டியது, அடியில் தோண்டுவது. கட்டையைத் தூக்குவதைவிடக் கல்லை எடுப்பது எளிது. தோண்டும் முன் கட்டையின் இரண்டு பக்கமும் பெரிய கல்லையோ சின்னக் கட்டையையோ ஆப்பு மாதிரி முட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் அது உருண்டு இன்னும் மேலே ஏறும். ஒருவர் கடலைப் பார்த்தபடி நிற்கட்டும், அவருக்கு வேறு வேலையே வேண்டாம். தோண்டுபவர் கட்டையின் கடல்பக்கம் மண்டியிடக் கூடாது. அலை வந்து கட்டை லேசாக எழும் கணத்தில் தோள்பட்டைக்கு அடியில் பிடித்து மேட்டுப்பக்கம் இழுக்கத் தயாராக இருங்கள். தலை தாழ்வாக இருந்தால், தண்ணீர் வரும்போது முகத்தை உயர்த்திப் பிடிப்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் வேலை.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலால் தவழ்ந்து வண்டிக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. சாவி நனைந்து செத்திருந்தது. பொத்தான் சாவிகளுக்குள் ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திறக்கலாம், இது தெரியாமல் பல பேர் கண்ணாடியை உடைக்கிறார்கள். பாட்டரி போனாலும் பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிவைத்து அழுத்தினால் இயங்கும். எனக்கு இயங்கவில்லை, வலது கால் உடைந்தவன் ஓட்டியும் இருக்க முடியாது. பின் இருக்கையில் கிடந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி கிடந்தேன். அந்தப் போர்வை இல்லாவிட்டால் காலைவிடக் குளிர்தான் முந்தியிருக்கும். ஒன்றே கால் மணி நேரம் கழித்து வந்த ஒரு வயதான தம்பதி 14 மைல் தள்ளி ஃபோர்க்ஸ் ஊருக்கு அழைத்துப்போனார்கள். அங்கே கைப்பேசி சிக்னல் நம்பக்கூடியதில்லை. செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி புதிய கைப்பேசிகளில் இருக்கிறது, ஆனால் அது பைக்குள் நீர்புகாத உறையில் இல்லாமல் கையில் இருந்தால் என் கைப்பேசி போன வழிதான் அதற்கும். ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டுங்கள். அலைச் சத்தத்தில் மனிதக் குரல் அதிக தூரம் கேட்காது. எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாகனம் வரவில்லையென்றால் இரவு வரை என்னை யாரும் தேடியிருக்கமாட்டார்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பாவை வரவழைத்து இந்தக் கடற்கரைகளைக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டுவலி என்பார்கள், நாமும் பாசத்தோடு கைபிடித்து ஒரு கட்டையில் உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளோடு தண்ணீர்ப் பக்கம் போய்விடுவோம். ஓட முடியாதவர்களை ஓட வேண்டிய இடத்தில் உட்கார வைக்கிறோம். இருபது டாலர் மடக்கு நாற்காலி இரண்டு வாங்கி, வண்டி நிறுத்துமிடத்தின் மேட்டிலேயே போடுங்கள், சூரியன் மறைவது அங்கிருந்தும் தெரியும். பட்டையில்லாத கட்டை நனைந்தால் எண்ணெய் தடவிய மாதிரி, அலையே வராவிட்டாலும் மணிக்கட்டை முறித்துவிடும். குடும்பப் படம் கடலுக்கு முதுகைக் காட்டி எடுப்பதென்றால், படம் எடுக்கிறவர் திரையைப் பார்க்காமல் கடலைப் பார்க்க வேண்டும். பெற்றோருக்குப் பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது விபத்துச் சிகிச்சைக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று பாருங்கள், ஐம்பதாயிரம் டாலர் என்பது எலும்பில் தகடு வைக்கும் அறுவைக்கு அங்கே பெரிய தொகை இல்லை.

பணத்தைப் பற்றிக் கடைசியாக. எனக்குக் கணுக்காலில் இரண்டு எலும்பு முறிவு, ஒரு தகடு, ஏழு திருகு. பில் வந்ததும் கட்டிவிடாதீர்கள், வரிவாரியாக விவரம் கேளுங்கள். நான் கேட்டு வாங்கியதில் ஒரு ஜோடி ஊன்றுகோலுக்கு இரண்டு முறை பணம் போட்டிருந்தார்கள், 118 டாலர் குறைந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு மருத்துவமனைகள் கட்டணச் சலுகை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு அது பொருந்தவில்லை. வட்டியில்லாமல் 18 தவணைக்கு ஒத்துக்கொண்டார்கள், பதினொன்று முடிந்திருக்கிறது.